பழைய பெயின்ட்ட எதால உரிக்கிற? - வாசகர் கேள்வி பதில்

மழை முடிஞ்சு திருகோணமலையில வீடு வீடா பெயின்ட் வேலை தொடங்கிட்டுது போல, வந்த கேள்வி முழுக்க புதுசா அடிக்கிறதப் பத்தி இல்ல, பழசக் கழட்டுறதப் பத்தித்தான். அதால இந்த முறை அத மட்டும் பாப்பம்.

கேள்வி: எங்கட முன் கதவு தேக்கு. அம்மம்மா காலத்தில இருந்து மேல மேல எனமல் அடிச்சு இப்ப மரமே தெரியேல்ல. ஹாட்வெயாரில ஒரு ரிமூவர் காட்டினவங்கள், பூசின கையோட உரியுமாம். ஓடாவி சொல்றார் கோஸ்டிக் சோடா கரைச்சு பூசினா காணும், ஏன் காசக் கரியாக்கிறீங்கள் எண்டு. மருமகள் பிள்ளைத்தாச்சி, பேரப்பிள்ளை ஒண்டும் வீட்டில தவழுது. எத வாங்க? (வாசகி, உப்புவெளி)

பதில்: ரெண்டும் வேணாம் அக்கா. ஓடாவி சொன்னதில இருந்து வாறன். கோஸ்டிக் சோடா எனமல நல்லாத்தான் கரைக்கும், அதில பொய் இல்ல, ஆனா தேக்கு, மஹோகனி மாதிரி மரத்தில பட்டா மரமே கறுத்துப்போகும், நார் எழும்பும், பிறகு வினாகிரி போட்டுக் கழுவினாலும் அந்தக் கறுப்பு லேசில போகாது. மரம் தெரியவேணும் எண்டுதானே இவ்வளவு பாடும் படுறீங்கள். கையில தெறிச்சா சதையப் பொசுக்கும், கண்ணில பட்டா கண் போகும், அது வேற.

மற்றது, கடைக்காரர் காட்டினது. அவ்வளவு கெதியா உரியுது எண்டா அனேகமா மெத்திலின் குளோரைட்டாத்தான் இருக்கும். டின்னத் திருப்பிப் பாருங்கோ, டைகுளோரோமீதேன் எண்டும் போட்டிருப்பாங்கள், பேர் விளங்காட்டி 75-09-2 எண்ட இலக்கம் இருக்கா எண்டு பாருங்கோ. அது 40 பாகைச் சூட்டிலயே கொதிச்சு ஆவியாப் போற சாமான், எங்கட ஊர் வெயிலுக்கு மூடியத் திறந்தாலே எழும்பும். ஆவி காத்த விடப் பாரம், அதால கீழ தங்கும், கீழதானே பிள்ளை தவழுது. உடம்புக்குள்ள போனா அது கார்பன் மொனொக்சைட்டா மாறும், இருதய வருத்தக்காரருக்கு இன்னும் கூடாது. கதவப் பூட்டின குளியலறைக்குள்ள இத வச்சு வேலை செய்து செத்த ஆக்கள் வெளிநாட்டில இருக்கினம். ஐரோப்பாவில பொதுமக்களுக்கு விக்கிறத முந்தியே நிப்பாட்டிட்டாங்கள், அமெரிக்காவில 2019ல. நாங்கள் போடுற துணி மாஸ்க் இந்த ஆவியப் பிடிக்காது, கடையில விக்கிற மெல்லிய கையுறைக்குள்ளாலயும் ஊறிப் போகும். NMP எண்டு சுருக்கிப் போடுற என்-மெத்தில் பைரோலிடோன் கலந்த ரிமூவரும் இருக்கு, மணம் குறைவு எண்டு சொல்லித் தருவாங்கள், வயித்துப் பிள்ளைக்குக் கூடாத சாமான், அதையும் விடுங்கோ.

அப்ப என்ன மிச்சம்? பென்சைல் அல்கஹோல் போட்டுச் செய்த ஜெல் ரிமூவர். விலை கூட, வேலையும் மெதுவா, ஆனா உங்கட வீட்டுக்கு அதுதான். திருகோணமலையில கிடைக்காட்டி கொழும்புக்குப் போற ஆரிட்டயாவது சொல்லிவிடுங்கோ. கதவ பிணைச்சலோட கழட்டி முத்தத்து மர நிழலில படுக்கப் போட்டு, பின்னேரம் நல்ல மொத்தமா ஒரு பக்கமாப் பூசுங்கோ, பிரஷ்ஷ முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்துத் தேய்க்கக் கூடாது. பூசின உடன மேல பொலித்தீன் போட்டு மூடிடுங்கோ. கச்சான் காத்து வீசுற மாசத்தில இத மூடாம விட்டா பெயின்ட்டுக்குள்ள இறங்க முதலே மருந்து காஞ்சு கருவாடாயிடும், பிறகு ரிமூவர் சரியில்ல எண்டு கடைக்காரரோட சண்டை. விடிய எழும்பி மர நார் போற பக்கத்துக்கு ஸ்கிரேப்பரால தள்ளுங்கோ, கனக்க படை இருந்தா ரெண்டாம் தரமும் பூச வேண்டி வரும். கடைசியா டின்னில சொல்லியிருக்கிற மாதிரி தண்ணியாலயோ டர்பன்டைனாலயோ வடிவாத் துடைக்கோணும், மிச்சம் மீதி இருந்தா புது வார்னிஷ் ஒட்டாது.

இன்னொண்டு, இதத்தான் நான் முதல்லயே சொல்லியிருக்கோணும். அம்மம்மா காலத்து எனமல் எண்டா அதில ஈயம் இருக்கு எண்டே நினைச்சு நடவுங்கோ. எங்கட நாட்டில பெயின்ட்டில ஈயத்துக்கு வரம்பு வந்தது 2013லதான். அதால காய்ஞ்ச கதவில சாண்ட் பேப்பர் மெஷின் பிடிக்கிற வேலை வேண்டவே வேணாம், அந்தத் தூள் பிள்ளையின்ட மூளையப் பாதிக்கும். ஹீட் கன்ன கூடின சூட்டில பிடிச்சாலும் ஈயம் புகையா வரும், புளோ லாம்ப் அதவிட மோசம். நிலத்தில தார்ப்பாய் விரிச்சு, உரிஞ்ச எல்லாத்தையும் ஈரத்தோட அள்ளி பையில கட்டுங்கோ, கிணத்தடியில கொட்டாதேங்கோ. வேலை முடியும் வரைக்கும் மருமகளும் பேரப்பிள்ளையும் தாய்வீட்டில நிண்டா நல்லம்.

கேள்வி: ஃபைபர் போட்டுக்கு (வள்ளத்துக்கு) அடிச்ச பெயின்ட் செதில் செதிலா எழும்புது. ரிமூவர் போட்டுக் கழுவலாமா அண்ணை? (திருக்கடலூரில இருந்து ஒரு தம்பி)

பதில்: சாதாரண ரிமூவர் வேணாம் தம்பி. போட்டின்ட வெளித்தோல் ஜெல்கோட், அது பொலியெஸ்டர் ரெசின். பெயின்ட்டக் கரைக்கிற மருந்துக்கு ரெசின் எது பெயின்ட் எது எண்டு பிரிச்சுப் பாக்கத் தெரியாது, ரெண்டையும் இளக்கிப்போடும். கோஸ்டிக்கும் ரெசினத் தின்னும், ஹீட் கன்னும் சரிவராது. தண்ணியில பாவிக்கிற சாண்ட் பேப்பர் 80ல தொடங்கி 120க்கு வாங்கோ, ஹோஸ் தண்ணி விட்டுக்கொண்டே தேய்க்கோணும். அடிப்பக்கத்தில பாசி, சிப்பி பிடிக்காம அடிக்கிற பெயின்ட்டில செம்பு மருந்து கிடக்கும், அத காயத் தேய்ச்சா முழுக்க உங்கட நெஞ்சுக்குள்ளதான். மருந்துதான் வேணும் எண்டு நிண்டா ஃபைபருக்கு எண்டு டின்னில தெளிவா எழுதினத மட்டும் வாங்கி, ஒரு மூலையில கொஞ்சம் பூசிப் பாருங்கோ, கீழ்த்தோல் பிசுபிசுத்தா உடன கழுவிடுங்கோ. மரத் தோணிக்கு இந்தக் கதை பொருந்தாது.

கேள்வி: அப்பான்ட பழைய அலுமாரி, மேல பளபளப்பா ஏதோ பூசியிருக்கு, இப்ப மங்கிப்போச்சு. அதுக்கும் ரிமூவரா? (ஓர்ஸ் ஹில்)

பதில்: அவசரப்பட்டு ஒண்டும் வாங்காதேங்கோ. பின்பக்கம் தெரியாத இடத்தில பஞ்சில ஸ்பிரிட் நனைச்சு ஒரு நிமிஷம் தேயுங்கோ. பசையா இளகி பஞ்சில மண்ணிறமா வந்தா அது பழைய காலத்து அரக்குப் பொலிஷ், ஸ்பிரிட்டும் மெல்லிய ஸ்டீல் வூலும் காணும், முழு அலுமாரியும் அதாலயே எடுக்கலாம், காசும் மிச்சம். ஸ்பிரிட்டுக்கு அசையாம தின்னருக்கு இளகினா லேக்கர். ரெண்டுக்கும் அசையேல்ல எண்டாத்தான் வார்னிஷ், அதுக்குத்தான் மேல சொன்ன ஜெல். ஸ்பிரிட்டும் தின்னரும் பத்தும், சாமியறை விளக்கு எரியிற வீட்டுக்குள்ள வேலை செய்யாதேங்கோ, விறாந்தைக்கு இழுத்துக்கொண்டு வாங்கோ.

(இதே ஸ்பிரிட் சோதனை சுவருக்கும் சரி. பஞ்சில பெயின்ட் நிறம் வந்தா எமல்ஷன், வராட்டி எனமல்.)

கேள்வி: சுவரில இடுப்பு உயரத்துக்குக் கீழ பெயின்ட் பொரிஞ்சு கொட்டுது, என்ன ரிமூவர்? (கிண்ணியா)

பதில்: ஒண்டும் இல்ல. தானாக் கொட்டுறதுக்கு ஏன் மருந்து. அது நிலத்து ஈரமும் உப்பும், சுரண்டினா வெள்ளைப் பொடி வரும் பாருங்கோ. ஸ்கிரேப்பரால எடுத்து, பொடியத் துடைச்சு, சுவர நல்லாக் காய விடுங்கோ. அடியில பழைய சுண்ணாம்பு இருந்தா அதையும் சுரண்டோணும், சுண்ணாம்பு விட்டா மேல அடிக்கிறதும் அதோட சேர்ந்து விழும். ஈரம் ஏறுறத நிப்பாட்டாம எவ்வளவு விலை பெயின்ட் அடிச்சாலும் அடுத்த மாரிக்கு இதே கேள்விய எனக்கு அனுப்புவீங்கள்.

கேள்வி: கடற்கரைப் பக்கத்து வீடு, ஜன்னல் கிறில் முழுக்க துரு. பெயின்ட்ட முழுசா எடுக்கோணுமா? (டச் பே பக்கம்)

பதில்: இறுக்கமா ஒட்டி இருக்கிறத விடுங்கோ, கிளம்பினத மட்டும் கம்பி பிரஷ்ஷால எடுங்கோ. ஆனா அதுக்கு முதல் நல்ல தண்ணியால கிறில ஊத்திக் கழுவோணும், ஆரும் செய்யிறேல்ல, உப்ப உள்ள வச்சுக்கொண்டு பிரைமர் அடிச்சா துரு உள்ளுக்கயே வளரும். சுரண்டி காய்ஞ்ச அண்டைக்கே பிரைமர் போடுங்கோ, கடக்காத்தில ஒரு இரவு விட்டாலே திருப்பி மண்ணிறம் பிடிக்கும். ஜன்னல் சட்டம் அலுமினியம் எண்டா அதில கோஸ்டிக் படவே கூடாது, அரிச்சுத் தள்ளிப்போடும்.

கேள்வி: பெயின்ட்காரர் டைல்ஸ் முழுக்க சொட்டு விட்டிட்டுப் போயிட்டார். (லிங்கநகர்)

பதில்: டைல்ஸ் எண்டா சவர்க்காரச் சுடுதண்ணி ஊத்தி ஊற விட்டு பிளேட்ட சரிச்சுப் பிடிச்சுத் தள்ளுங்கோ, எமல்ஷன் அப்பிடியே கழண்டு வரும். எனமல் சொட்டுக்கு தின்னர் ஒரு துணியில. நடுவில இருக்கிற சீமெந்துக் கோட்டில ஊறினது மட்டும் கஷ்டம், பழைய பல் பிரஷ்ஷில ஜெல் கொஞ்சம் தொட்டுத் தேய்ச்சுப் பாருங்கோ, போகாட்டி அடுத்த முறை வேலைக்கு முதல் பேப்பர் விரிக்கச் சொல்லி நிண்டு பாருங்கோ.