யூதச் சட்டப்படி ஆபத்தான விலங்கை வீட்டில் வளர்க்கலாமா?

கூடாது. அப்படிப்பட்ட விலங்குக்கு எபிரேயத்தில் 'கெலெவ் ரா', அதாவது பொல்லாத நாய் என்றே ஒரு சொல் உண்டு. காரணம் பைபிளின் உபாகமம் 22:8: மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு, வீட்டின்மேல் இரத்தப்பழி வரவிடாதே. இதை வைத்துத்தான் யூதச் சட்ட விவாத நூலான தல்மூதில் ரபி (யூத மத அறிஞர்) நாத்தான், பொல்லாத நாயையும் ஆட்டம் காணும் ஏணியையும் வீட்டில் வைக்காதே என்றார். ஏணி கடிக்காதுதான், ஆனால் ஏறியவர் விழுந்தால் பழி வீட்டுக்காரருக்கு.

சரி, கடிக்காத நாய் என்றால்? தல்மூதில் ஒரு சம்பவம்: ரொட்டி சுட வந்த கர்ப்பிணியைப் பார்த்து நாய் குரைக்கிறது. "பயப்படாதே, பல்லைப் பிடுங்கியாச்சு" என்கிறார் வீட்டுக்காரர். "உன் தயவை முள்ளில் போடு, கரு கலைந்துவிட்டது" என்கிறாள் அவள். படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

கோஷர் அல்லாத, அதாவது யூத உணவு விதிப்படி சாப்பிடக் கூடாத விலங்கை வளர்க்கவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள்; அந்த விதி சாப்பாட்டுக்கானது, சாதுவான பூனையை வளர்க்கத் தடையில்லை.