திருத்தி எழுதிய பேய்க்கதையில் பயம் குறைந்துவிட்டது, எழுதியவரிடம் எப்படிச் சொல்வது?

"பயமே இல்லை" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எந்த வரியில் பயம் விட்டது என்று காட்டுங்கள். பழைய வடிவத்தைத் திறக்காமல் புதியதை ஒரே மூச்சில் படித்து, அந்த இடத்தில் குறி போடுங்கள். ஒப்பிடுவதெல்லாம் பிறகு.

பெரும்பாலும் காரணம் விளக்கம்தான். முதல் முறை யாரோ "புரியவில்லை" என்றிருப்பார்கள். உடனே அந்த ஆவி யாருடையது, எப்படிச் செத்தது, ஏன் வருகிறது என்று ஒரு பத்தி முளைத்திருக்கும். (முழு ஜாதகமும் தெரிந்த பேயைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?) அந்தப் பத்தியை மட்டும் விட்டுவிட்டுப் படித்துப் பாருங்கள். கதை அப்போதும் புரிந்தால், தயங்காமல் வெட்டச் சொல்லுங்கள்.

ஆனால் முடிவு உங்களுக்கு முன்பே தெரியும். திடுக்கிடல் குறைந்ததற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். முதல் வடிவத்தைப் படிக்காத ஒருவரின் கருத்தையும் கேட்கச் சொல்லுங்கள்.