காலைல சுகர் 260, ஆனா ராத்திரி வேர்த்துக் கொட்டுது

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 58 வயசு. காலைலயும் நைட்டும் 30/70 இன்சுலின் போடுறார். ஒரு மாசமா நடுராத்திரில பனியன் நனையுற அளவுக்கு வேர்த்து, ஏதேதோ உளறுறார். பயந்துபோய் கைக்கு கிடைச்ச லட்டு, ஹார்லிக்ஸ்னு குடுக்குறேன். காலைல பாத்தா 260. அதனால அவரே நைட் டோஸ 4 யூனிட் கூட்டிட்டார். சரிதானா?
- ஒரு வாசகி, தேனி

பதில்: அக்கா, அந்த 4 யூனிட் விஷயத்த இன்னைக்கு நைட் ஊசிக்கு முன்னாடியே டாக்டருக்கு போன் பண்ணி சொல்லிருங்க, மிச்சத்த அப்புறம் படிக்கலாம்.

நீங்க சொல்றது லோ சுகர் மாதிரிதான் இருக்கு. 30/70ல 70 பங்கு மெதுவா வேல செய்யுற மருந்து, எட்டு மணிக்கு போட்டா நடுராத்திரி தாண்டித்தான் அது உச்சத்துக்கு வரும், அந்த நேரம் வயித்துல சாப்பாடு இருக்காது. அப்ப சுகர் இறங்குது, நீங்க லட்டும் ஹார்லிக்ஸும் குடுக்குறீங்க, விடியறதுக்குள்ள அது 260க்கு ஏறி நிக்கலாம். அத பாத்து டோஸ கூட்டுனா அடுத்த ராத்திரி இன்னும் கீழ போகும். காலை நம்பர மட்டும் வச்சு நைட் டோஸ்ல கை வைக்கவே கூடாதுக்கா.

நாலஞ்சு நாள் ராத்திரி 3 மணிக்கு அலாரம் வச்சு மீட்டர்ல பாருங்க, வேர்த்தா உடனே பாருங்க. சாப்பிட்ட நேரம், போட்ட யூனிட் எல்லாம் நோட்ல எழுதி டாக்டர்கிட்ட காட்டுங்க. சுகர் 70க்கு கீழன்னா 3 டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடர தண்ணில கலக்கி குடுங்க, 15 நிமிஷம் கழிச்சு திரும்ப பாத்து ஏறலன்னா இன்னொரு தடவ அதே அளவு. ஏறினப்புறம் ரெண்டு பிஸ்கட் போதும். லட்டு வேண்டாம், நெய் இருக்குறதால சுகர் ஏற லேட்டாகும், அந்த பதட்டத்துல நம்ம கையும் நிக்காம குடுத்துட்டே இருக்கும்.

இன்னொன்னு, சிரிஞ்ச பாருங்க. மருந்து பாட்டில்ல ஒரு மில்லிக்கு 40 யூனிட்னு போட்டிருந்தா சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட்னு போட்டிருந்தா ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 மருந்த 40 சிரிஞ்ச்ல எடுத்தீங்கன்னா ரெண்டரை மடங்கு உள்ள போயிரும், கடைக்காரர் மாத்தி குடுத்தாலும் நமக்கு தெரியாது. அப்புறம் அந்த கலங்கல் மருந்த ஒவ்வொரு தடவையும் உள்ளங்கைல உருட்டி கலக்கணும், இல்லன்னா ஒரு நாள் கம்மியா ஒரு நாள் கூட வேல செய்யும். ஒரு மாசமா புதுசா வருதுன்றதால கிட்னி டெஸ்டும் எடுத்துருங்க, கிட்னி தளர்ந்தா இன்சுலின் உடம்புல ரொம்ப நேரம் தங்கும்.

எங்கம்மாவுக்கும் இப்படித்தான், ஊசிய போட்டுட்டு சீரியல் முடியட்டும்னு சாப்பாட்ட தள்ளுவாங்க, பசியில்லன்னு ஒரு இட்லியோட எந்திரிப்பாங்க, ஆனா யூனிட் மட்டும் அதே தான். எத்தன ராத்திரி அவங்க பக்கத்துல முழிச்சே கிடந்தேன்னு எனக்குத்தான் தெரியும். அண்ணன் எப்ப எவ்வளவு சாப்பிடுறார்னு கவனிங்க.

நினைவில்லாம போனா வாயில எதையும் ஊத்தாதீங்க, ஒருக்களிச்சு படுக்க வச்சுட்டு 108க்கு அடிங்க. குளுக்கோஸ் டப்பா, ஸ்பூன், தண்ணி, மீட்டர் நாலையும் இன்னைக்கே கட்டிலுக்கு பக்கத்துல வச்சிருங்கக்கா.