கரும்புக்கு இடையே பயறு: கடன் வாங்கி விதைக்கலாமா?

கேள்வி: இரண்டு ஏக்கரில் கரும்பு நட்டிருக்கிறேன். வெட்டிப் பணம் வர ஒரு வருடமாகும். அதுவரை வீட்டுச் செலவுக்கு மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டியில் வெளியில் வாங்குகிறேன். இடையில் பாசிப்பயறு விதைத்தால் கரும்பு மகசூல் குறையும் என்கிறார் அண்ணன். விதைக்கலாமா? அதற்கும் கடன் வாங்கலாமா?

பதில்: விதையுங்கள். ஆனால் கையிலிருக்கும் காசுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு மட்டும்.

கரும்புப் பணத்தோடு பார்த்தால் பயறுப் பணம் சிறியதுதான். ஆனால் அது வரும் நேரம் உங்களுக்குப் பெரிய விஷயம். பாசிப்பயறு 65-70 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். மூன்றாம் மாதம் நூறு கடன் வாங்கிப் பன்னிரண்டாம் மாதம் அடைத்தால் வட்டி மட்டும் 18. பயறு அந்த நூறைக் கொடுத்தால், இந்தப் பதினெட்டும் உங்களுக்கே மிச்சம்.

அண்ணன் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. மக்காச்சோளம், சூரியகாந்தி போல உயரமாக வளர்வதைப் போட்டால் நிழல் விழுந்து கரும்பு சரியாகத் தூர் கட்டாது, அதாவது அடியிலிருந்து பக்கக் கிளைகள் விடாது. குட்டையான பயறு அப்படியல்ல. கரும்புத் தோகை வரிசைகளை மூட மூன்று, நான்கு மாதமாகும். அதற்குள் பயறு வெளியேறிவிட வேண்டும். வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் கட்டைக்கரும்பு சீக்கிரம் மூடிவிடும், அங்கே அவகாசம் குறைவு. பயறு தழைச்சத்து தருகிறதே என்று கரும்பின் உரத்தைக் குறைத்துவிடாதீர்கள். அந்தச் சத்தில் பெரும்பங்கு மணியோடு போய்விடும்.

பலரும் கணக்கில் கோட்டைவிடுவது களையெடுப்பில்தான். கரும்புக்கு வழக்கமாக அடிக்கும் அட்ரசின் என்ற களைக்கொல்லி பயறையும் கொன்றுவிடும். அதனால் கைக்களைதான் எடுக்க வேண்டும், அதற்குக் கூலி உண்டு. காய் ஒரே சமயத்தில் முற்றாது. இரண்டு மூன்று தடவை பறிக்கவும் ஆள் வேண்டும். விதை, களை, பறிப்பு ஆகிய மூன்றையும் எழுதி, களைக்கொல்லியில் மிச்சமாவதைக் கழியுங்கள். உழவும் குத்தகையும் கரும்புக் கணக்கிலேயே இருக்கட்டும். விலை பாதியாக விழுந்தாலும் போட்ட காசு திரும்புமா என்று பாருங்கள். திரும்பாது என்றால் வேண்டாம்.

கடன் வேண்டாம் என்பதற்குக் காரணம் மழை. காய் முற்றும் நேரத்தில் விடாமல் பெய்தால் மணி செடியிலேயே முளைத்துவிடும். வீட்டுச் செலவுக் கடனோடு பயறுக் கடனும் சேர்ந்தால் தாங்க மாட்டீர்கள்.

முதல் முறை அரை ஏக்கரில் மட்டும் விதைத்து, அந்தக் கரும்பைத் தனியே எடை போடுங்கள். மற்றதன் எடையோடு ஒப்பிட்டு அண்ணனிடமும் காட்டுங்கள்.