அப்கார் மதிப்பெண்ணும் முதல் நிமிடமும்: பிரசவ அறைச் செவிலியரின் பதில்கள்

(தஞ்சை, திருவாரூர் வட்டாரத்தில் பல ஆண்டுகள் பிரசவ அறையில் பணியாற்றிய செவிலியர் பதிலளிக்கிறார்.)

மன்னார்குடி, ஒரு தந்தை: சிஸ்டர், என் மகளின் டிஸ்சார்ஜ் சீட்டில் ‘அப்கார் 6, 9’ என்றிருக்கிறது. அவள் அறிவு வளர்ச்சி குறையுமா?

பதில்: அஞ்ச வேண்டாம், ஐயா. அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் வர்ஜீனியா அப்கார் 1952இல் வகுத்த முறைப்படி, இதயத் துடிப்பு, மூச்சு, தசை முறுக்கு, தூண்டினால் முகம் சுளித்து அழுவது, நிறம் ஆகிய ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண் இடுகிறோம். முதல் நிமிடத்தில் 6 பெற்றவள் ஐந்தாம் நிமிடத்தில் 9 பெற்றிருக்கிறாள். 7 இருந்தாலே எங்களுக்கு நிம்மதிதான். அந்த நேரத்து நிலையை மட்டும் சொல்லும் எண்ணை ஜாதகம்போல் பார்த்து வருந்துவோரைக் காணும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

திருவாரூர், நர்சிங் மாணவி: அழாத குழந்தைக்கு மதிப்பெண் இட்ட பிறகுதான் உதவ வேண்டுமா?

பதில்: அப்படிக் காத்திருக்கவே கூடாது, தங்கையே. மதிப்பெண் இடுவது 60ஆவது நொடியில். நம் கைகளோ பிறந்த கணத்திலேயே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். வெதுவெதுப்பான உலர்ந்த துணியால் துடைத்து, முதுகை மெல்லத் தேய்த்தும் மூச்சு வரவில்லையென்றாலோ, இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100க்குக் கீழே இருந்தாலோ, அந்த முதல் நிமிடத்துக்குள்ளேயே முகமூடி பொருத்தி, கையால் அழுத்தும் ஆம்பு பையால் காற்றுச் செலுத்தத் தொடங்குங்கள். துடிப்பை 6 நொடி எண்ணிப் பத்தால் பெருக்கினால் போதும். தொப்புள்கொடியில் விரலுக்குத் தட்டுப்படாவிட்டால் ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வையுங்கள். மார்பு எழும்பும்படி 30 நொடி காற்றுச் செலுத்திய பின்னும் துடிப்பு 60ஐத் தாண்டாதபோதுதான் மார்பை அழுத்தும் கட்டம் வரும். பல குழந்தைகளுக்குக் காற்றுச் சரியாகப் போனாலே துடிப்பு ஏறிவிடும் என்பதால், முகமூடி விளிம்பில் காற்றுக் கசிகிறதா என்பதை முதலில் பாருங்கள். தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டும் பழைய வழக்கம் வேண்டவே வேண்டாம்.

கும்பகோணம், ஒரு பாட்டி: பேரனுக்குக் கையும் காலும் நீலமாக இருந்தும் நர்ஸம்மா பதறவில்லையே?

பதில்: அவர் உதட்டையும் நாக்கையும் பார்த்திருப்பார், அம்மா. முதல் நாளில் கை, கால் நுனிகள் நீலமாக இருப்பது இயல்பு. நாக்கு நீலமானால்தான் ஆபத்து. நம் ஊர்க் குழந்தைகளின் தோல் நிறம் பலவிதம் என்பதால், ஐந்து அடையாளங்களில் நிறத்தையே நான் குறைவாக நம்புவேன். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை வலது கையில் மாட்டினாலும், நலமான குழந்தைக்கே ஐந்தாம் நிமிடத்தில் 80 முதல் 85 விழுக்காடுதான் காட்டும்.

மயிலாடுதுறை, ஒரு தாய்: மார்கழியில் பிறந்த என் குழந்தையை ஏன் குளிப்பாட்டவில்லை?

பதில்: குளிர்ந்தால் மூச்சும் சர்க்கரை அளவும் தடுமாறும். எனவே 24 மணி நேரமாவது குளியல் வேண்டாம். உங்கள் மார்போடு தோல் படக் கிடத்தி, முதல் ஒரு மணிக்குள் தாய்ப்பால் கொடுப்பதே சரி.