விசிடி ஓடுகிறது, டிவிடி ஓடவில்லை: அப்பாவின் போர்ட்டபிள் பிளேயரை என்ன செய்யலாம்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 76. செல்போனில் படம் பார்க்க அவருக்குப் பிடிக்காது. பல வருடங்களுக்கு முன்பு அண்ணன் துபாயிலிருந்து வாங்கிவந்த 9 அங்குல போர்ட்டபிள் டிவிடி பிளேயரில்தான் பழைய படங்களும் எங்கள் கல்யாண டிவிடியும் பார்ப்பார். இப்போது விசிடி போட்டால் ஓடுகிறது. டிவிடி போட்டால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு 'நோ டிஸ்க்' என்று காட்டுகிறது. சார்ஜும் அரை மணி நேரம்கூட நிற்பதில்லை. அடிப்பக்கம் லேசாக உப்பியிருக்கிறது, மேஜையில் வைத்தால் ஆடுகிறது. ரிப்பேர் பார்க்கலாமா, புதிதாக வாங்கிவிடலாமா? – கும்பகோணம் வாசகி

பதில்: முதலில் அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள். லென்ஸ், டிஸ்க் எல்லாம் அப்புறம். மேஜையில் வைத்தால் ஆடுகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் அவசரமான வரி அதுதான். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி வயதாகி, அதற்குள் வாயு சேர்ந்து, அடிமூடியைத் தள்ளுகிறது. இனி அதில் சார்ஜ் ஏற்றவே கூடாது. ராத்திரி முழுக்க பிளக்கில் போட்டுவிட்டுத் தூங்கும் பழக்கம் அப்பாவுக்கு இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். வீங்கிய பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது.

சில மாடல்களில் பேட்டரி தனிப் பெட்டியாக அடியிலோ பின்னாலோ மாட்டியிருக்கும். தாழ்ப்பாளைத் தள்ளினால் கழன்று வந்துவிடும். வராவிட்டால் கத்தியோ ஸ்க்ரூ டிரைவரோ வைத்து நெம்பாதீர்கள். ஓட்டை விழுந்தால் அந்த இடத்திலேயே புகைய ஆரம்பிக்கும். பேட்டரி உள்ளேயே வைத்து மூடப்பட்ட மாடல் என்றால் மெக்கானிக்கிடம் கொடுத்துக் கழற்றுவதுதான் சரி. கழற்றியதைக் குப்பை வண்டியில் போடக்கூடாது. இந்தியாவில் 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, தீர்ந்த பேட்டரியைத் திரும்ப வாங்கி முறையாக மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. மின்கழிவு வாங்கும் இடம் பக்கத்தில் இருந்தால் அங்கே கொடுங்கள்.

பேட்டரியைக் கழற்றியபின் அடாப்டரில் மட்டும் போட்டுப் பாருங்கள். பல பிளேயர்கள் பேட்டரி இல்லாமலே ஓடும், சில மாடல்கள் ஓடாது. ஓடினால் உங்கள் வீட்டுக்கு அதுவே போதும், அப்பா பிளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதானே பார்க்கப்போகிறார்? கரண்ட் போகும் நேரத்துக்கும் வேண்டும் என்றால் புது பேட்டரி போடலாம். பெரும்பாலான போர்ட்டபிள் பிளேயர்களில் இரண்டு செல்களை வரிசையாக இணைத்த 7.4 வோல்ட் பேக் இருக்கும். அதே வோல்ட், பாதுகாப்புச் சர்க்யூட்டோடு வருகிற பேக்தான் வேண்டும். பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்த செல்லை ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

அடாப்டரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பிளேயர்கள் 9 வோல்ட்டிலும் வரும், 12 வோல்ட்டிலும் வரும். முனை ஒரே அளவாக இருப்பதால் செட்டாப் பாக்ஸ் அடாப்டரை எடுத்துச் சொருகி போர்டைக் கருக்கிவிடுகிறவர்கள் நிறைய. பிளேயரின் அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். ஒரு புள்ளி, அதைச் சுற்றி அரைவட்டம், இரண்டு பக்கமும் பிளஸ், மைனஸ் குறிகள் இருக்கும். நடுப்புள்ளி எந்தக் குறியோடு சேர்ந்திருக்கிறதோ அதுதான் நடு முனை. அடாப்டரிலும் அதே படம் அப்படியே இருக்க வேண்டும். வோல்ட் துல்லியமாகப் பொருந்த வேண்டும், ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை.

சரி, இனி டிவிடி விஷயம். விசிடி ஓடுகிறது என்பது நல்ல தடயம். மோட்டார், போர்டு, திரை, ஸ்பீக்கர் எல்லாம் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன என்று அது சொல்லிவிடுகிறது. சந்தேகம் மிஞ்சுவது லென்ஸ் பகுதியில்தான். வெளியே ஒரே கண் தெரிந்தாலும் உள்ளே இரண்டு லேசர்கள் வேலை செய்கின்றன. அலைநீளம் சிடி, விசிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர். டிவிடி லேசர் மட்டும் தளர்ந்துபோனால் நீங்கள் சொல்கிற அறிகுறி அப்படியே வரும். தூசி படிந்தாலும் இதேதான் நடக்கும். சிடியில் தகவல் பதிந்த தடத்துக்குத் தடம் இடைவெளி 1.6 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றால் டிவிடியில் 0.74 மைக்ரான்தான். அத்தனை நெருக்கமான தடத்தைப் படிக்கும்போது, விசிடியைப் பாதிக்காத மெல்லிய தூசிப் படலமே தடையாகிவிடும். அதனால் லென்ஸ் போய்விட்டது என்று முடிவுகட்டும் முன் துடைத்துப் பார்க்க வேண்டும்.

மெடிக்கல் கடையிலோ எலெக்ட்ரானிக்ஸ் உதிரிக் கடையிலோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கேளுங்கள். சானிடைசர் வேண்டாம், அதில் பெரும்பாலும் கிளிசரின் கலந்திருக்கும், பிசுபிசுப்பாகப் படிந்துவிடும். வாயால் ஊதாதீர்கள், வேட்டி நுனியால் துடைக்காதீர்கள். பிளேயரை அணைத்து, அடாப்டரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, மூடியைத் திறந்தால் பட்டாணியைவிடச் சிறிய கண்ணாடிக் குமிழ் ஒன்று நீலச் சாயலோடு தெரியும். பெரும்பாலும் அது பிளாஸ்டிக்தான். முடியைப்போல மெல்லிய கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கும், தொட்டாலே ஆடும். பஞ்சுக்குச்சியை ஆல்கஹாலில் நனைத்து, நன்றாகப் பிழிந்துவிட்டு, அழுத்தாமல் ஒரு முறை வட்டமாகத் துடைத்து எடுங்கள். காய்ந்த குச்சியால் ஒரு முறை ஒற்றுங்கள். பத்து நிமிடம் ஆறவிட்டு, டிஸ்க்கைப் போட்டு, மூடியை மூடியபிறகு ஓட்டிப் பாருங்கள். பிளேயர் ஓடும்போது மூடி சுவிட்சைக் கையால் அமுக்கிக்கொண்டு உள்ளே எட்டிப்பார்க்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், லேசர் கண்ணைக் கெடுக்கும்.

சோதிக்கும்போது முதலில் போட வேண்டியது கல்யாண டிவிடி அல்ல, கடையில் வாங்கிய பட டிவிடி. தொழிற்சாலையில் அச்சடித்த டிஸ்க் லேசரை நன்றாகத் திருப்பி அனுப்பும். ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுத்த டிஸ்க்கில் பதிவு ஒரு சாயப் படலத்தில் இருக்கும், அது அவ்வளவு பளிச்சென்று திருப்பாது. பட டிவிடி ஓடி, கல்யாண டிவிடி மட்டும் ஓடாவிட்டால் கோளாறு டிஸ்க்கில் இருக்கலாம், லேசர் தளர ஆரம்பித்திருந்தாலும் அப்படி வரலாம். இரண்டுமே ஓடாவிட்டால் லேசர் தளர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரம்போல ஒழுங்காக ஓடி நடுவில் மட்டும் படம் உறைந்தால், அது இரண்டடுக்கு டிஸ்க்காக இருக்கலாம். 8.5 ஜிபி கொள்ளும் அந்த டிஸ்க்கில் ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்குத் தாவும் இடத்தில் பலவீனமான லென்ஸ் திணறும். ஒற்றை அடுக்கான 4.7 ஜிபி டிஸ்க்கில் இந்தத் தொல்லை இல்லை.

துபாயில் வாங்கியது என்பதால், ஒரு மண்டலத்து டிஸ்க் இன்னொரு மண்டலத்துப் பிளேயரில் ஓடாமல் தடுக்கும் மண்டலக் குறியீடோ என்று உங்களுக்குத் தோன்றலாம். வளைகுடா நாடுகள் 2-ஆம் மண்டலம், இந்தியாவும் இலங்கையும் 5-ஆம் மண்டலம். ஆனால் மண்டலம் ஒத்துவராதபோது பிளேயர் பொதுவாக அதைத் தனியாகச் சொல்லும், 'நோ டிஸ்க்' என்று காட்டாது. தமிழ்ப் பட டிவிடிகளில் பெரும்பாலானவை எல்லா மண்டலத்துக்கும் பொதுவாக அச்சடித்தவை. இங்கே விற்ற ஹாலிவுட் படங்களில்தான் இந்தச் சிக்கல் வரும்.

மெக்கானிக் கடைக்குக் கிளம்பும் முன் ஒரு வேலை இருக்கிறது, அதைத் தள்ளிப்போடாதீர்கள். பிளேயர் போனால் வேறு வாங்கலாம், அப்பாவின் படங்களும் எங்காவது கிடைக்கும். மோசர் பேயர் நிறுவனம் 2007-ஐ ஒட்டி விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்ற காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் அவ்வளவு டிஸ்க்குகள் சேர்ந்தன. கல்யாண டிவிடி உலகத்திலேயே உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. ஸ்டூடியோவில் மூலப் பதிவு இருக்கும் என்று நம்பாதீர்கள், இத்தனை வருடம் யாரும் ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்க மாட்டார்கள்.

நான் சொன்ன அந்தச் சாயப் படலம் வெயிலிலும் ஈரத்திலும் மெல்ல வெளுத்துக்கொண்டே வரும். வெளிப் பார்வைக்கு டிஸ்க் புதிது மாதிரியே இருக்கும், ஆனால் ஒரு நாள் படிக்காது. ஆகவே முதலில் நகல். யூஎஸ்பியில் மாட்டும் டிவிடி டிரைவ் இன்னமும் கடைகளில் கிடைக்கிறது. டிவிடி டிரைவ் உள்ள பழைய கம்ப்யூட்டர் உறவினர் யாரிடமாவது இருந்தால் இன்னும் நல்லது. கல்யாண டிவிடிகளில் நகல் எடுக்க விடாத பூட்டு பொதுவாக இருக்காது. டிஸ்க்கைத் திறந்தால் தெரிகிற வீடியோ ஃபோல்டரை அப்படியே கம்ப்யூட்டருக்கு இழுத்துப் போட்டால் போதும். விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் அந்த ஃபோல்டரைத் திறந்து கடைசி வரை ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, பென்டிரைவில் ஒன்றும் அண்ணனிடம் ஒன்றுமாக இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டிரைவில் படிக்காத டிஸ்க் இன்னொரு டிரைவில் படிப்பது சகஜம். அதனால் முதல் டிரைவில் நின்றுபோனால் மனம் விடாமல் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள்.

டிஸ்க்கைத் துடைப்பதானால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோடாகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக்கூடாது. தடம் வட்டமாகப் போவதால், தடத்தோடு போகும் கீறல் தொடர்ச்சியாக நிறையத் தகவலைத் தின்றுவிடும். குறுக்கே விழும் கீறலைப் பிளேயரே ஓரளவு சரிக்கட்டிவிடும். பற்பசை வைத்தியம் செய்கிறவர்கள் உண்டு. அது தேய்க்கிற மாவுதான், இருக்கும் கீறலோடு புதுக் கீறலும் சேரும். இதற்கு மேல் இழக்க ஒன்றுமில்லை என்ற நிலை வரும்வரை அதைத் தொடாதீர்கள். மேலே மாப்பிள்ளை பெண் போட்டோ ஒட்டிய காகித ஸ்டிக்கர் இருந்து அதன் ஓரம் தூக்கியிருந்தால், போர்ட்டபிள் பிளேயரின் சிறிய மோட்டாரில் டிஸ்க் உதறும். உரிக்கவும் வேண்டாம், உரிக்கும்போது டிஸ்க் வளைந்து சேதமாகிவிடலாம். அந்த டிஸ்க்கை இனிப் பிளேயரில் போடாமல், கம்ப்யூட்டரில் குறைந்த வேகத்தில் நகல் எடுத்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

இப்போது ரிப்பேர். லேசர் போனால் லென்ஸ் தொகுதியையே மாற்றுவதுதான் வழி. தொகுதியின் ஓரத்தில் மாடல் எண் அச்சடித்திருக்கும், சென்னை ரிச்சி தெருவில் அந்த எண்ணைச் சொல்லித் தேடலாம். புது லென்ஸ் வரும்போது நிலைமின் அதிர்ச்சியிலிருந்து காப்பாற்ற அதன் போர்டில் ஒரு புள்ளியில் ஈயம் வைத்து ஷார்ட் செய்திருப்பார்கள். மாட்டியபின் அந்த ஈயத்தை எடுத்தால்தான் லேசர் எரியும். லென்ஸ் மாற்றியும் படிக்கவில்லை, போர்டும் போயிருக்கும்போல என்று மெக்கானிக் சொன்னால், அந்த ஈயத்தை எடுத்தாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

லென்ஸ், பேட்டரி, கூலி மூன்றும் சேர்ந்து புதுப் பிளேயரின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் ரிப்பேர் செய்யச் சொல்ல மாட்டேன். அதே சமயம், டிஸ்க்கே இல்லாமல் உங்கள் பழைய பிளேயரை ஓட்ட முடியுமா என்றும் பாருங்கள். ஓரத்தில் யூஎஸ்பி துளை இருந்தால் லென்ஸ் போனாலும் கவலையில்லை, பென்டிரைவில் போட்டுப் பார்க்கலாம். நின்றுபோகும் தொல்லையும் குறையும், மோட்டார் சுற்றாததால் பேட்டரியும் அதிக நேரம் வரும். அப்பாவுக்கு நான் சிபாரிசு செய்வது இந்த வழியைத்தான்.

புதிதே வாங்குவதானால் அட்டைப்பெட்டியை நம்பாதீர்கள். '1080' என்று பெரிதாகப் போட்டிருக்கும், உள்ளே திரை 480க்கு 234 புள்ளிகளாக இருக்கும். 9 அங்குலத்தில் 800க்கு 480 இருந்தால்தான் வயதானவர் கண்ணுக்குச் சுகம். டிவி வசதி உண்டு என்பார்கள். அது பழைய அனலாக் ஒளிபரப்புக்கானது, தூர்தர்ஷன் அதைக் கிட்டத்தட்ட முழுக்க நிறுத்திவிட்டதால் அதற்குக் காசு கொடுக்காதீர்கள். கழற்றி மாட்டும் பேட்டரி, யூஎஸ்பி, ஹெட்போன் துளை இவை மூன்றும் இருக்கட்டும். செகண்ட்ஹேண்டில் கிடைத்தால் ஒரு விசிடி, ஒரு டிவிடி, கூடவே நீளமான படத்தின் இரண்டடுக்கு டிவிடி ஒன்று கொண்டுபோய், அதை நடுப்பகுதி வரை ஓட்டிப் பாருங்கள். திரையை மெதுவாகத் திருப்புங்கள். திருப்பும்போது கோடு விழுந்தாலோ படம் மினுக்கினாலோ கீலுக்குள் போகும் பட்டை வயர் நைந்துவிட்டது, வாங்காதீர்கள். வாங்கியபிறகும் அம்புக்குறி காட்டும் பக்கம் மட்டும் திருப்பச் சொல்லுங்கள். சிறிய ரிமோட்டில் காசு வடிவ பேட்டரி இருக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்த மூடியில் டேப் ஒட்டிவிடுங்கள், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

பென்டிரைவ் வழிக்குப் போனால் இரண்டு விஷயம். 32 ஜிபிக்கு மேற்படாத டிரைவை எஃப்ஏடி32 என்ற பழைய ஃபைல் முறையில் ஃபார்மட் செய்யுங்கள், ஒரு ஃபைல் 4 ஜிபிக்குள் இருக்கட்டும். செல்போனில் எடுத்த எம்பி4 வீடியோக்களைப் பழைய பிளேயர்கள் பெரும்பாலும் படிக்காது. எக்ஸ்விட் என்ற வீடியோ முறையிலான ஏவிஐ ஃபைலாக, 720க்கு 576 அளவில் மாற்றிப் போட வேண்டும், ஒலி எம்பி3-ஆக இருக்கட்டும். ஃபைல் பெயரைத் தமிழில் வைத்தால் திரையில் கட்டம் கட்டமாக வரும். ஆங்கில எழுத்தில் முன்னால் 01, 02 என்று எண் போட்டு வைத்து, எந்த எண்ணில் எந்தப் படம் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள்.