சம்பளம் வாங்கினால் எழுதியதெல்லாம் பல்கலைக்கழகத்துக்கா?

கேள்வி: மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஓர் உதவிப் பேராசிரியர் எழுதியிருக்கிறார். மாநிலச் சட்டத்தால் அமைந்த ஒரு பல்கலைக்கழகத்தில் தமிழ் நடத்துகிறார். ஏழு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வயல் வயலாகப் போய்ப் பாசனச் சொற்களையும் நடவுப் பாட்டுகளையும் சேகரித்து ஒரு புத்தகம் முடித்திருக்கிறார். அதில் ஓர் அத்தியாயம் மட்டும் துறை கேட்டு எழுதிய ஆய்வறிக்கை. வெளிப் பதிப்பகம் ஒன்று அச்சிடத் தயார். இதற்கிடையில், "ஊழியர் எழுதியது எங்களுக்கே சொந்தம், எங்கள் பதிப்புத்துறை வழியாகத்தான் வர வேண்டும், சம்மதக் கடிதம் கொடுங்கள்" என்று மெமோ வந்திருக்கிறது, பத்து நாள் கெடு. தொலைநிலைக் கல்விக்கு அவர் எழுதிய பாடங்களும் அவர் பெயரில்லாமல் அச்சாகியிருக்கின்றன. என்ன செய்யலாம் என்கிறார்.

பதில்: அம்மா, முதல் காரியம், அந்தச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கெடு முடிவதற்குள் பதில் மட்டும் கொடுங்கள், பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17 சொல்வது இதுதான்: எழுதியவரே முதல் உரிமையாளர். அதற்கு விலக்குகள் உண்டு. அதில் (சி) என்ற கூறு, வேலை ஒப்பந்தத்தின் கீழ் அந்த வேலையின் பகுதியாகச் செய்த ஆக்கம், மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்குச் சொந்தம் என்கிறது. 'வேலையின் பகுதியாக' என்ற சொல்லில்தான் உங்கள் வழக்கே நிற்கிறது. வேலையில் இருந்த காலத்தில் எழுதியது எல்லாமே வேலையின் பகுதி ஆகிவிடாது. உங்களை எதற்காக நியமித்தார்கள் என்று நியமன ஆணையை எடுத்துப் பாருங்கள். பாடம் நடத்த, தாள் திருத்த, துறை ஒப்படைக்கும் ஆய்வைச் செய்ய. வடுவூர் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து 'வாமடை', 'அண்டை வெட்டுதல்' என்று குறித்துக்கொண்டு வரச் சொல்லி யாரும் உங்களுக்கு ஆணை போடவில்லையே.

இங்கிலாந்தில் 1952-இல் இதே மாதிரி ஒரு வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. ஒரு நிறுவன ஊழியர் எழுதிய புத்தகத்தில், அவர் பொது மேடைகளில் பேசிய உரைகள் அவருக்கே சொந்தம், நிறுவனம் அனுப்பிய வேலைக்காக எழுதிய பகுதி நிறுவனத்துக்குச் சொந்தம் என்று புத்தகத்தையே பிரித்துத் தீர்ப்பு வந்தது. உங்கள் நிலையும் கிட்டத்தட்ட அதுதான், துறை கேட்டு எழுதிய அந்த ஒரு அத்தியாயம் பலவீனமான இடம். அதை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எழுத்தில் அனுமதி கேளுங்கள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு முழுப் புத்தகத்தையும் இழுப்பார்கள்.

அடுத்து சொல்வதைக் கவனமாகப் படியுங்கள், பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் உருவான பல்கலைக்கழகம், 17(டிடி) கூறின் விளக்கப்படி 'பொதுத்துறை நிறுவனம்' என்ற சொல்லுக்குள் வந்துவிடும். அப்படிப்பட்ட நிறுவனம் தன் கட்டுப்பாட்டில் உருவாக்கிய ஆக்கத்துக்கு மட்டுமில்லை, முதலில் வெளியிட்ட ஆக்கத்துக்கும், மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், அதுவே முதல் உரிமையாளர். அதாவது இன்றைக்கு உங்களுடையதாக இருக்கிற புத்தகம், ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் அவர்கள் பதிப்புத்துறையில் முதலில் அச்சானால், உரிமை அவர்கள் பக்கம் போய்விடும். சம்மதக் கடிதம் வேண்டாம் என்று முதலிலேயே சொன்னது இதனால்தான். அவர்கள் போடுவது உங்களுக்கும் விருப்பம் என்றால் போடட்டும், ஆனால் பதிப்புரிமை ஆசிரியருக்கே என்று முதலில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்தாக வேண்டும்.

நியமன ஆணையிலோ பணி விதிகளிலோ எழுத்தாக்கம் பற்றித் தனியாக ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் நான் சொன்னது மாறலாம். வெளியில் புத்தகம் போட முன் அனுமதி வேண்டும் என்று விதி இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாங்காவிட்டால் அது ஒழுங்கு நடவடிக்கைக்குக் காரணமாகும், ஆனால் அதனால் மட்டும் உரிமை கை மாறாது.

நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கத்தின் படத்தைப் பார்த்தேன். ஓரத்தில் சேறு காய்ந்திருக்கிறது, மேலே தேதியும் 'ஞாயிறு' என்றும் எழுதி, பக்கத்தில் பாட்டியின் பெயரும் ஊரும் இருக்கிறது. இதைவிட நல்ல சாட்சி உங்களுக்கு வேண்டாம். ஏழு வருட நோட்டுகளையும் பத்திரமாக வையுங்கள். கைப்பேசி ஒலிப்பதிவுகளைப் பெயர் மாற்றாமல், வெட்டாமல் அப்படியே வைத்திருங்கள், நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய சட்டம் 2023, பிரிவு 63 கேட்கும் சான்றிதழோடு கொடுக்க வேண்டியிருக்கும். பதிப்புரிமைப் பதிவு கட்டாயம் இல்லை, செய்துவைத்தால் கைகொடுக்கும்.

சரி, தொலைநிலைப் பாடங்கள். அதற்காகச் சண்டை போடாதீர்கள், சொல்லி எழுதவைத்தது, அது அவர்களுடையது. ஆனால் பெயர் உங்களுடையது. பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 57-இன்படி, உரிமை யாரிடம் இருந்தாலும் 'இதை எழுதியது நான்' என்று கோரும் உரிமை எழுதியவரிடமே இருக்கிறது. அடுத்த பதிப்பில் பெயர் வர வேண்டும் என்று தனிக் கடிதம் எழுதுங்கள், மெமோ பதிலோடு சேர்க்க வேண்டாம்.

பதிப்பகத்தோடு போடும் ஒப்பந்தத்தில் காலத்தைக் கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

அப்புறம், பாட்டுகளைக் கேட்க கியூஆர் கோடு வைக்கப்போவதாகச் சொல்கிறீர்கள். நடவுப் பாட்டு பரம்பரையாக வந்தது, வார்த்தைகளுக்கு யாரும் உரிமை கோர முடியாது. ஆனால் பாடிய அந்தப் பெண்களுக்குக் கலைஞர் என்ற முறையில் தனி உரிமை இருக்கிறது, பிரிவு 38 முதல் 38பி வரை படியுங்கள், ஐம்பது வருடத்துக்கு. அவர்கள் சம்மதமில்லாமல் குரலை வெளியிடக் கூடாது, வெளியிட்டால் பெயர் சொல்ல வேண்டும். நோட்டில் பெயர்கள் இருக்கின்றன, நேரில் போய்ப் படித்துக்காட்டிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்ளுங்கள், சம்பா நடவு தொடங்கும் முன் போனால் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள்.